பன்னிரண்டாவது சதுரம்

கையே இல்லாமல் கதவைத் திறந்து, கையே இல்லாமல் பஸ் ஏறி, கையே இல்லாமல் ஆஸ்பத்திரிக் காவலாளியைத் தாண்டிப் போய், கத்தியோடு தயாராக நின்ற மூன்று டாக்டர்களைப் பதினெட்டு நிமிடம் காக்க வைத்த ஒரே மனிதன் இந்த உலகத்தில் நான்தான். நீங்கள் நம்ப வேண்டாம். என் மச்சானும் நம்புவதில்லை. இத்தனைக்கும் அவன் முழு நேரமும் என் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

நான் முப்பத்தாறு வருடம் எடை அளவுத் துறையில் வேலை பார்த்தவன். கடை கடையாகப் போய்த் தராசு சரியா, படிக்கல் சரியா, ஒரு லிட்டர் ஒரு லிட்டராக இருக்கிறதா என்று பார்த்தவன். ஒரு கிராம் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற மறுநாள் காலை, இனிமேல் எதையும் அதன் அளவில் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மச்சான் என் மனைவியின் தம்பி. இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். எரிந்துபோன கடைக்குப் போய், முழங்கால் வரை சாம்பலில் நின்றுகொண்டு, "தீப்பிடிச்சதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டவன். அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயரே ஆதாரம்தான்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய இரட்டைக் கண் கேமரா வாங்கினேன். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். பிறந்த குழந்தையை விட எடை அதிகம். நம் பிள்ளைகளைத் தூக்கியதை விட அதைத்தான் அதிகம் தூக்கினீர்கள் என்பது என் மனைவியின் புகார். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து, மேல்மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் இருக்கும். அடியில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதில் எதிரே நிற்பவர் இடம் வலமாக மாறி, தண்ணீரில் மிதப்பதுபோல் மிதப்பார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய தீப்பெட்டி நீளத்துக்கு இருக்கும். சாதாரணச் சுருளில் ஒரு முகம் கடுகு போல விழும். மூக்கு எது, மூக்குத்தி எது என்று தேட வேண்டும். இதில் ஃபிலிமைக் கையில் பிடித்தாலே மூஞ்சி தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

என் மனைவிக்குப் படம் எடுத்துக்கொள்வது அறவே பிடிக்காது. யார் ஃபோனை நீட்டினாலும் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். காரணம் அவளுடைய இடது கன்னத்தில் இருக்கும் மச்சம். "படத்துல அது இடம் மாறிடுது. கண்ணாடியில தினம் பாக்குறவ இவ இல்ல. இது எவளோ ஒருத்தி," என்பாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் சிரித்த படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவளின் இடது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் படம் வரைந்து காட்டினார். முகத்துக்குப் போகும் நரம்பு கட்டியின் நடுவே ஓடுகிறது. கட்டியை எடுத்தே ஆக வேண்டும். நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், முடியாவிட்டால் அந்தப் பக்கம் சிரிப்பு வராது. அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"அந்தப் பூதத்த எடுங்க."

"எந்தப் பூதம்?"

"உங்க கேமராதான். ஒரே ஒரு சுருள். ஆனா நான் உள்ள போறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும். அப்புறம் காட்டினா அது யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கும்."

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் சாயங்காலம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆதாரம் பக்கத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்பினான். பதினோரு படம் வரை பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்ந்திருப்பவள் போலவே இருந்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "முடிஞ்சுது," என்று பொய் சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவதைச் சுற்றினேன். முடிந்தது என்று கேட்டதும் ஆதாரத்துக்குக் கை தளர்ந்து, விரிப்பு மொத்தமும் அவன் தலையிலேயே விழுந்தது. உள்ளே இருந்து, "அக்கா, வழி எந்தப் பக்கம்?" என்றான். அவள் சிரித்தாள். இரண்டு கன்னமும் கண்ணும் காதும் சேர்ந்து சிரித்தன. குனிந்த தலையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அந்த மூச்சில் பாதியை இன்னும் விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விரிப்பிலிருந்து வெளியே வந்த ஆதாரம் ஜன்னலைப் பார்த்தான். "விழுந்திருக்காது மாமா. இருட்டிடுச்சு."

அவன் சொன்னது உண்மை. அந்த வெளிச்சம் போதாது என்று எனக்கும் தெரியும்.

அறுவைச் சிகிச்சை மறுநாள் மதியம் மூன்று மணிக்கு. காலை ஒன்பது மணிக்கு ஃபிலிம் கழுவ உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் இருட்டறை கிடையாது. குளியலறையில் அடைக்க முடியாத ஒரு ஜன்னல். அதனால் கறுப்புத் துணிப் பைதான். பார்க்க ஒரு பெரிய சட்டை போல இருக்கும். தலைக்கு வழி இருக்காது, இரண்டு கை மட்டும் இருக்கும். ஃபிலிமையும், அதைச் சுற்ற வேண்டிய உருளையையும், மருந்து ஊற்றிக் கழுவும் டாங்கையும், டாங்க் மூடியையும் உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, இரண்டு கையையும் நுழைத்துத் தடவித் தடவி வேலை செய்ய வேண்டும். என் பையில் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. முழங்கைக்கு மேலே ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தேன். கையை உருவினால், கை இருந்த வழியாகவே வெளிச்சம் நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்; படம் போச்சு.

ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தைப் பிரித்தேன். ஃபிலிம் நுனியைத் தடவி உருளையில் நுழைத்தேன். இந்தச் சுருளில் கடைசியாக எடுத்த படம்தான் முதலில் உள்ளே போகும். பன்னிரண்டாவது சதுரம் உருளையின் நடுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியையும் சுற்றி, டாங்குக்குள் இறக்கி, மூடியைத் தேடினேன். வட்டமாக ஒன்று கைக்கு வந்தது. நடுவில் ஒரு குமிழ் இருந்தது.

டாங்க் மூடியில் குமிழ் கிடையாது. அது புனல் மாதிரி இருக்கும்; திருகி மூடினால் அதன் வழியாக மருந்து போகும், வெளிச்சம் போகாது.

விரலால் மூன்று முறை தடவிப் பார்த்தேன். வாணலி மூடி. கண்ணாடி போடாமல், அலமாரியில் வழக்கமான இடத்தில் கவிழ்ந்திருந்த கறுப்பு வட்டத்தை எடுத்து உள்ளே போட்டு ஜிப்பை மூடியிருக்கிறேன். முப்பத்தாறு வருடம் ஊர்த் தராசையெல்லாம் பிடித்தவன், வாணலி மூடிக்கும் டாங்க் மூடிக்கும் வித்தியாசம் தெரியாமல், இரண்டு கையும் பைக்குள் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூடி இல்லாத டாங்குக்குள் என் மனைவியின் சிரிப்பு அம்மணமாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. ஆதாரம் வந்திருந்தான், என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. தாழ்ப்பாளை மோவாயால் இழுத்துத் திறந்தேன். ஒரு பல் ஆடியது. இரண்டு பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் என்னையும் பையையும் ஒரு நிமிடம் பார்த்தான். "என்ன மாமா, கட்டிப் போட்டுட்டுத் திருடிட்டுப் போயிட்டாங்களா?"

சொன்னேன். கேட்டான்.

"கைய எடுங்க. ஓட்டைய நான் அமுக்கிப் பிடிச்சுக்கறேன்."

"நீ இதுவரைக்கும் எதையாவது நம்பிப் பிடிச்சிருக்கியா?"

"சரி, காகிதத்துலயே திரும்பச் சுத்துங்க."

"விரலெல்லாம் வேர்த்துக் கொட்டுது மச்சான். இப்ப உருவினா ஃபிலிம் விரலோட ஒட்டிக்கிட்டு வரும். அவ கன்னம் என் விரல்லதான் இருக்கும்."

"போர்வைக்குள்ள போயி எடுங்க."

"பட்டப்பகல்ல போர்வை வெறும் சல்லடைடா."

அவன் மூடியைத் தேடி அடுக்களையைப் புரட்டினான். அடுப்புக்குப் பின்னால், மாவு டின்னுக்குள், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள்கூடப் பார்த்தான். அந்த நேரத்தில் மேசை மேல் என் ஃபோன் அடித்தது. மூக்கால் அழுத்தி எடுத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ். முன்னால் இருந்த நோயாளிக்குக் காய்ச்சல், அதனால் என் மனைவியைப் பதினொன்றரைக்கே உள்ளே கொண்டுபோகிறார்கள்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது. என் வயிற்றுக்குள் யாரோ ஒரு படிக்கல்லைப் போட்டார்கள். அளவைச் சரியாகவே சொல்கிறேன்: ஐந்து கிலோ. அவளிடம் படம் வரவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் ஒன்றும் கேட்க மாட்டாள், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அதுதான் என்னால் தாங்க முடியாது. இனி எடுக்கவும் முடியாது. மாலை அவள் வெளியே வரும்போது எந்த முகத்தோடு வருவாளோ.

மாவுக் கையோடு ஆதாரம் வாசலில் வந்து நின்றான். "மாமா. கறுப்புக் கலர்ல, புனல் மாதிரியா?"

"ஆமாம்."

"அத அக்கா நேத்துப் பையில வச்சா. ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்த. நான்தான் மடிச்சு வச்ச துணிக்கு நடுவுல சொருகினேன்."

அந்த மூடியை எண்ணெய்ப் புனல் என்று பல வருடமாக அவள் எடுப்பதும், நான் கழுவித் திரும்ப வைப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். அவன் போய் எடுத்து வந்தால் பதினொன்றாகிவிடும். கழுவுவதற்கு நேரமில்லை. அதனால் மொத்தக் கடையையும் அங்கே தூக்கிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. படத்தை வரவைக்கும் டெவலப்பர் ஒரு பாட்டிலில், வந்ததை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸர் ஒரு பாட்டிலில். இரண்டையும் தோள்பையில் போட்டு அவன் மாட்டிக்கொண்டான். எனக்குச் செருப்புப் போட்டுவிட்டான். தலை வாரிவிட்டான், வகிடு தப்பான பக்கம் எடுத்தான்.

டாக்ஸிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. பஸ் கண்ணெதிரே நின்றது. ஏறினோம். முன்னால் கறுப்புத் துணியால் இரண்டு கையையும் மூடிய நான். பின்னால் என் சட்டைக் காலரைப் பிடித்தபடி, மீசையும் முறைப்புமாக ஆதாரம். முன் இருக்கையில் இருந்தவர் எழுந்து இடம் விட்டு, பின் கதவு வரை போய் நின்றுகொண்டார்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி ஆதாரத்திடம் மெதுவாகக் கேட்டார்: "பாவம், இந்த வயசுல. என்ன பண்ணாராம்?"

"இன்னும் விசாரிச்சுட்டுதாங்க இருக்கேன்."

"பாத்தா நல்ல மாதிரி தெரியுறாரு."

"அப்படித்தான் எங்க அக்காவும் ஏமாந்தா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே டாங்கை இரண்டு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டேன். மூக்கு அரித்தது. வெயில் ஜன்னல் வழியாகப் பை மேல் விழுந்தபோது, அந்தத் துணியில் இருக்கும் ஒவ்வொரு நூலிழையும் என் மேல் வழக்குத் தொடுத்திருப்பதாகத் தோன்றியது. அந்தப் பயணம் இருபத்தைந்து நிமிடம். எனக்கு அது நான் வேலை பார்த்த முப்பத்தாறு வருடத்தை விட நீளம்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தடுத்தார். "பைக்குள்ள என்ன?"

"கை."

"வெளிய எடுங்க."

"எடுத்தா என் சம்சாரத்தோட மூஞ்சி போயிடும்."

அவர் தன் தடியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் முன்னால் வந்தான்.

"ஐயா, நான் முப்பத்திநாலு வருஷம் பொய் கண்டுபிடிக்கிற வேலை பாத்தவன். இவர் வாயத் திறந்தாலே பொய்தான். ஆனா இந்தக் கைய மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. வேணும்னா என் ரெண்டு கையையும் கட்டிக்குங்க."

காவலாளி பையை மேலிருந்து கீழாகத் தடவினார். "உள்ள வட்டமா என்ன?"

"வாணலி மூடி," என்றேன்.

அந்தப் பதில் எப்படியோ அவரைத் திருப்திப்படுத்தியது. விட்டுவிட்டார்.

அறையில் அவள் பச்சை அங்கியும் தலையில் கட்டிய துணியுமாக, காலைத் தொங்கப்போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஃப்ளாஸ்க் இருந்தது. ஃப்ளாஸ்க் மேல், ஒரு கிரீடம் போல, என் மூடி. மணி பத்தே முக்கால்.

"என்னங்க இது?"

"புனல் தேடி வந்தேன்," என்றேன்.

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மூடியை எடுத்துத் துடைத்தாள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஜன்னல் இல்லை; ஒரு கண்ணாடி, ஒரு பல்பு, அவ்வளவுதான். என்னை உள்ளே தள்ளி, தானும் வந்து, கதவைச் சாத்தினாள். வெளியே ஆதாரம் கதவடி இடுக்கில் துவாலையை அடைத்தான். பல்பை அணைத்தாள்.

அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. அவள் விரல் பையைத் தடவி ஜிப்பைக் கண்டுபிடித்து இழுத்தது. உள்ளே வந்து என் விரலைத் தொட்டது. என் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன, அவளுடையவை சில்லென்றிருந்தன.

"இதுலயா நான் இருக்கேன்?"

"நடுவுல. கடைசியில."

"கடைசியா க்ளிக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. முடிஞ்சுதுன்னு பொய் சொன்னீங்க இல்ல?"

"ஆமாம்."

மூடியை வைத்துத் திருகினாள். டக். அந்தச் சத்தத்துக்கு ஈடான சங்கீதம் கிடையாது. விளக்கைப் போட்டதும் முதல் வேலையாக மூக்கைச் சொறிந்தேன்.

மணி பத்து ஐம்பத்தொன்று. டெவலப்பர் பத்து நிமிடம். நிமிடத்துக்கு ஒரு முறை டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்தினேன். அவள் கடிகாரம் பார்த்துச் சொன்னாள். கொட்டி, தண்ணீர் ஊற்றி, ஃபிக்ஸர் ஊற்றும்போது கதவு தட்டும் சத்தம். ஸ்ட்ரெச்சரோடு ஆள் வந்துவிட்டார், அறுவை அறை இன்னும் சீக்கிரமாகவே தயாராகிவிட்டதாம், டாக்டர் உடனே கூப்பிடுகிறாராம்.

"அஞ்சு நிமிஷம்," என்றான் ஆதாரம் வெளியே.

"எதுக்குங்க? பாத்ரூம்லயா இருக்காங்க?"

"ஆமாங்க. ரெண்டு பேரும்."

பிறகு நர்ஸ் வந்தார். பிறகு யாரோ ஓர் இளம் டாக்டர். ஆதாரம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய் சொல்வது கேட்டது. வாழ்நாளெல்லாம் பொய் பிடித்தவனுக்கு அதில் இத்தனை வகை இருப்பது தெரிந்திருந்தது. கடைசியில் பொய் தீர்ந்துபோய், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

குழாய் நீரில் அலசி, உருளையைத் திறந்து, ஃபிலிமை வெளியே இழுத்தேன். பல்புக்கு நேரே பிடித்தேன். முதல் சதுரம், இரண்டாவது, மூன்றாவது: நெகட்டிவுக்கே உரிய கறுத்த முகம், வெளுத்த கூந்தல், பாஸ்போர்ட். வெளிச்சம் இறங்க இறங்க, சதுரங்களும் மங்கிக்கொண்டே வந்தன. ஒன்பதில் பாதிதான் இருந்தாள். பதினொன்றில் நிழல். பன்னிரண்டாவதில் ஒன்றும் இல்லை. வெறும் தெளிந்த பிளாஸ்டிக். நடுவில் ஆவி பட்டதுபோல் ஒரு மங்கல்.

என் கை இறங்கிவிட்டது. அவள் கதவைத் திறந்தாள். ஆதாரம் உள்ளே எட்டிப் பார்த்தான். "சொன்னேன்ல மாமா," என்றான். வழக்கமாக அதைச் சொல்லும்போது அவனுக்கு இருக்கும் சந்தோஷம் அப்போது இல்லை.

"பரவால்லைங்க," என்றாள் அவள். தலையை ஆட்டினாள். நான் பயந்த அதே தலையாட்டல். ஸ்ட்ரெச்சரை நோக்கித் திரும்பினாள்.

அறை ஜன்னலிலிருந்து சாய்வாக வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. ஃபிலிம் நுனி சொட்டிக்கொண்டு, என் தோளில் கிடந்த கறுப்புப் பை மேல் உரசியது. தற்செயலாகக் குனிந்தேன், கேமராவுக்குள் குனிவதுபோல.

கறுப்புத் துணி மேல், ஈர ஃபிலிமில், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மங்கலாக விழுந்த ஃபிலிமைக் கறுப்பின் மேல் சாய்த்துப் பிடித்தால், வெள்ளிப் படிவு வெள்ளையாக மின்னி, கண்ணாடியாகத் தெரிந்த இடம் கறுப்பாகி, நெகட்டிவ் நேர்ப்படமாகிவிடும். எனக்குத் தெரியும், மறந்துபோயிருந்தேன். நன்றாக விழுந்த படமாக இருந்தால் இப்படித் தெரிந்திருக்காது. வெளிச்சம் போதாமல் போனதால்தான் தெரிந்தது.

"ஏம்மா, இங்க வா. குனிஞ்சு பாரு. இந்தப் பக்கமா."

குனிந்தாள். ஜன்னல் வெளிச்சம் சதுரத்தின் மேல் நழுவியது. இரண்டு கன்னமும் மேலே ஏறி, கண் இடுங்கி, பல் தெரிய. நான் பிடித்திருந்தது ஃபிலிமின் மருந்துப் பக்கம். அதில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரியும்.

அவள் வெகு நேரம் பார்த்தாள். "மச்சம் சரியான பக்கம் இருக்கு," என்றாள். "இவதான். இவளத்தான் எனக்குத் தெரியும்."

அப்படியே போய் ஸ்ட்ரெச்சரில் தானாகப் படுத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர்காரர், போகிற போக்கில், தானும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் தள்ளினார். ஆதாரம் சுவர் பக்கம் திரும்பி, அங்கே மாட்டியிருந்த தீயணைப்பு விதிமுறைகளை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். பார்த்தானா என்று அன்றைக்கும் கேட்டேன், அதற்குப் பிறகு நான்கு வருடமும் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியல மாமா. ஈரப் பிளாஸ்டிக்தான் தெரிஞ்சுது," என்பதே பதில்.

நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அவள் சிரித்தால் வலது கன்னம் மட்டும் கிளம்பிப் போகும். இடது கன்னம் வீட்டிலேயே இருந்துவிடும். பன்னிரண்டாவது சதுரத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே புரட்டிப் போட்டு, பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். அவள் தினமும் அதன் முன்னால் நின்று தலை வாருகிறாள்.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஆசிரியர் டீ குடிக்க வந்தார். படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மச்சம் அந்தப் பக்கமில்ல இருக்கணும்?" என்று கேட்டார். அது போதாதா எனக்கு. கையே இல்லாமல் கதவைத் திறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பல் மூன்றானது, காவலாளி இரண்டு பேரானார். ஆசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூலையில் இருந்த ஆதாரத்திடம் திரும்பினார்.

"நீங்க கூட இருந்தீங்களாமே. அந்த ஈர ஃபிலிம்ல நிஜமாவே மூஞ்சி தெரிஞ்சுதா, இல்ல சார் அளந்து விடறாரா?"

ஆதாரம் கோப்பையைக் கீழே வைத்தான். அக்காவைப் பார்த்தான். அவள் பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், திரும்ப மாட்டவில்லை.

"தெரிஞ்சுது," என்றான். "நான் பாத்தேன். அக்கா ரெண்டு பக்கமும் சிரிச்சா. விழுந்திருக்காதுன்னு சொன்னவன் நான்தான்."

ஆசிரியர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். நான்கூட.

"ஆனா டாக்டருங்க பதினெட்டு நிமிஷம் நின்னாங்கன்னு இவர் சொல்றது மட்டும் பொய்," என்றான் ஆதாரம். "கதவுல சாஞ்சு நின்னது நான். கடிகாரம் என் எதிர்ல இருந்துச்சு. இருபத்திரண்டு நிமிஷம்."